மாற்றுத்திறனாளி மாணவர்களின் மருத்துவ விவரம் கல்லூரியில் யார் யார் கைக்குப் போகலாம்?

வணிகவியல்_டீச்சர்:

தென்மாவட்டம் ஒன்றில் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். இந்தக் கல்வியாண்டிலிருந்து மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான சம வாய்ப்பு மையத்தை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பொறுப்போடு சேர்ந்து ஒரு எக்செல் ஃபைலும் வந்தது. அதைத் திறந்து பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

பெயர், பதிவெண், ஊனத்தின் வகை, சதவீதம், யுடிஐடி எண் (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எண்), பெற்றோர் போன் நம்பர், இதுவரை சரி என்று வைத்துக்கொள்ளலாம். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி இருக்கிறது. யார் யாரோ எப்போதோ எழுதி வைத்தவை அதில் கிடக்கின்றன: 'ஃபிட்ஸ் வரும்', 'மனநல மாத்திரை சாப்பிடுகிறார்', 'அம்மாவுக்கும் இதே பிரச்சினை'. இந்த ஃபைல் ஒவ்வொரு செமஸ்டரும் துறைத்தலைவர்கள் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது, அங்கிருந்து கிளாஸ் இன்சார்ஜ்கள், ஹாஸ்டல் வார்டன், பி.டி. சார் என்று போய்க்கொண்டே இருக்கிறது. தேர்வுப் பிரிவு தனியாகக் கேட்கிறது. கல்லூரியின் தர மதிப்பீட்டுக்கான நாக் கோப்புக்கு ஆதாரம் வேண்டும் என்று சான்றிதழ் நகல்களை இன்னொருவர் கேட்கிறார்.

யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. 'தெரிந்தால்தானே மேடம் உதவி செய்ய முடியும்' என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், எங்கள் முதல்வர் உட்பட. ஆனால் பார்வைக் குறைபாடு உள்ள இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி தனக்குக் கூடுதல் நேரமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். கூப்பிட்டுக் கேட்டால், தேர்வன்று நோட்டீஸ் போர்டில் 'பிஎச் மாணவர்கள்' (ஊனமுற்ற மாணவர்கள்) என்று தலைப்புப் போட்டுப் பெயர்ப் பட்டியல் ஒட்டுகிறார்கள், அதில் என் பெயர் வர வேண்டாம் மேடம் என்கிறாள். மூன்று மணி நேரத் தேர்வுக்கு அவளுக்குச் சேர வேண்டிய ஒரு மணி நேரத்தை அந்த ஒரு காகிதத்துக்குப் பயந்து விட்டுக்கொடுக்கிறாள்.

நான் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். மாணவர்களிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதைக் கேட்கவே கூடாது? வாங்கியதை யாருக்குக் காட்டலாம்? அப்புறம், வகுப்பாசிரியருக்குச் சொல்லாமல் விட்டு, நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் பொறுப்பு யாருடையது?

தேர்வுப்பிரிவு_பழனி:

மேடம், நான் ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் இருப்பவன். எங்கள் வேலைக்கு நோயின் பெயரே தேவைப்படாது. சான்றிதழை ஒரே ஒருவர் ஒருமுறை சரிபார்த்தால் போதும். அதற்குப் பிறகு பதிவெண், எந்தத் தாள், என்ன ஏற்பாடு, இந்த மூன்றும் வந்தால் நாங்கள் செய்துவிடுவோம். 'கூடுதலாக 60 நிமிடம், பெரிய எழுத்தில் வினாத்தாள், தரைத்தளத்தில் அறை' என்று எழுதி அனுப்பினால் அறை ஒதுக்குபவருக்கு உடனே புரியும். விழித்திரையில் என்ன கோளாறு என்று எழுதி அனுப்பினால் அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார், பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்வதைத் தவிர?

மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்ட தேர்வு வழிகாட்டுதல்களில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் என்று இருக்கிறது, உங்கள் மாணவியின் ஒரு மணி நேரம் அந்தக் கணக்கில் வருவதுதான். பார்வையின்மை, இரண்டு கைகளும் பாதிக்கப்பட்ட நிலை, மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் கேட்டால் ஸ்கிரைப், அதாவது அவர்கள் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித் தருபவரை, கொடுத்தாக வேண்டும். மற்றவர்கள், தங்களால் எழுத முடியாது என்று அரசு மருத்துவமனையின் தலைமை நிலையில் உள்ள மருத்துவரிடம் குறிப்பிட்ட படிவத்தில் சான்றிதழ் வாங்கி வர வேண்டும். இதைச் சரிபார்க்க ஒரு ஆள் போதும், அந்த ஆள் நீங்களாக இருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் பட்டியலில் யுடிஐடி அட்டை வைத்திருப்பவர்கள், அதுவும் ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பவர்கள் மட்டும்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன், பெரும்பாலான கல்லூரிகளில் அப்படித்தான். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கோளாறு உள்ள விகாஷ் குமார் என்பவர் யுபிஎஸ்சி-யை எதிர்த்துப் போட்ட வழக்கில், 40 சதவீதம் இல்லை என்பதற்காக ஸ்கிரைப் மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில் அவர்களுக்கென்றே தனி வழிகாட்டுதல் வந்தது. ஆகவே சதவீதத்தை வைத்துப் பட்டியல் போடும் பழக்கத்தையே விட்டுவிடுங்கள், யாருக்கு என்ன ஏற்பாடு தேவை என்பதை வைத்துப் போடுங்கள்.

நோட்டீஸ் போர்டு விஷயம் ரொம்ப எளிது. மற்ற அறைகளின் பட்டியலோடு சேர்த்து அறை எண், பதிவெண், அவ்வளவுதான், தலைப்பும் வேண்டாம் பெயரும் வேண்டாம். விடைத்தாளின் முகப்பில் சிவப்பு மையில் 'பிஎச்' என்று எழுதுவது இன்னும் சில இடங்களில் நடக்கிறது, உங்கள் கல்லூரியில் இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். நாக் கோப்புக்கும் ஏஐஎஸ்எச்இ என்ற அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்புக்கும் எண்ணிக்கை கொடுங்கள். சான்றிதழைப் பார்த்தே தீர வேண்டும் என்று ஆய்வுக்கு வருபவர் கேட்டால் உங்கள் மேஜையில் வைத்துக் காட்டலாம். பிள்ளைகளின் மருத்துவச் சான்றிதழை ஸ்கேன் செய்து கல்லூரி இணையதளத்தில் பிடிஎஃப் ஆகவே ஏற்றி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் கூகுளில் தேடி எடுக்கலாம். அந்தப் பிள்ளை நாளைக்கு வேலைக்குப் போகும்போதும் அது அங்கேயேதான் இருக்கும்.

கயல்_எம்எஸ்சி:

மேடம், நீங்கள் இதைக் கேட்டதற்கு முதலில் நன்றி. எனக்கு வலிப்பு உண்டு. உங்கள் ஃபைலில் 'ஃபிட்ஸ் வரும்' என்று இருக்கிறதே, வேறொரு கல்லூரியில் இளநிலை படித்தபோது அப்படி ஒரு குறிப்பு என் பெயருக்குப் பக்கத்திலும் இருந்தது.

சேரும்போது விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள், உண்மையை எழுதினேன். வகுப்பாசிரியர் நல்லவர்தான், எல்லோர் முன்னாலும் 'இந்தப் பொண்ணுக்கு ஃபிட்ஸ் வரும், பார்த்துக்கோங்க' என்று சொன்னார். அன்றிலிருந்து என் பக்கத்தில் உட்காருபவர்கள் மாறினார்கள். இண்டஸ்ட்ரியல் விசிட் போனபோது என்னைக் கேட்காமலேயே வீட்டுக்குப் போன் போட்டு, ரிஸ்க் எடுக்க முடியாது என்று சொல்லி என் பெயரை எடுத்துவிட்டார்கள். ஆய்வகத்தில் பன்சன் பர்னரைத் தொட விடவில்லை. மாத்திரையால் எனக்கு வலிப்பு கட்டுக்குள்தான் இருந்தது, அதை ஒருவர்கூடக் கேட்கவில்லை. இப்போது முதுநிலைக்கு வேறு ஊருக்கு வந்திருக்கிறேன், இங்கே படிவத்தில் அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று போட்டேன். அது சரியில்லை என்று சிலர் சொல்லலாம். இங்கே சொன்னால் என்ன நடக்கும், யாருக்குப் போகும் என்று அந்தப் படிவத்தில் ஒரு வரி இருந்திருந்தால் நான் 'ஆம்' என்றே போட்டிருப்பேன்.

வகுப்பாசிரியருக்குத் தெரியாவிட்டால் ஆபத்து இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசிரியர்களுக்குத் தெரிய வேண்டியது என் பெயர் இல்லை மேடம், வலிப்பு வந்தால் என்ன செய்வது என்பதுதான். அதை எல்லா ஆசிரியர்களுக்கும், வாட்ச்மேனுக்கும், பஸ் டிரைவருக்கும் சொல்லிக் கொடுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், சுற்றிக் கிடக்கும் நாற்காலி மேஜையை நகர்த்த வேண்டும், நேரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு மேல் போனாலோ அடுத்தடுத்து வந்தாலோ 108-க்குப் போன் போட வேண்டும். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் வாயில் ஸ்பூனை நுழைப்பதும் வேண்டவே வேண்டாம். இது தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருந்தால், யாரிடமும் சொல்லாத மாணவிக்கும், முதல் முறையாக வலிப்பு வருகிறவருக்கும் பாதுகாப்பு. பட்டியல் வைத்திருந்தால் பட்டியலில் இருப்பவர்களுக்கு மட்டும்தான், அதுவும் அந்த நேரத்தில் அந்த ஃபைலை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

மதுரை_வழக்கறிஞர்:

கயல் சொன்னதைப் படித்த பிறகு சட்டம் பேசுவது கொஞ்சம் வறட்சியாக இருக்கும், ஆனாலும் டீச்சர் முதல்வரிடம் பேசப் போகும்போது கையில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் சொல்லிவிட்டது, மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, மனநோய் உள்ளவரின் சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவு சிகிச்சை அளிப்பவர்களைக் கட்டுப்படுத்துவது, உண்மைதான். ஆனால் டாக்டரே வெளியே சொல்லக் கூடாத ஒன்றைக் கல்லூரி அலுவலகம் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று யாரும் நியாயப்படுத்த முடியாது. எச்ஐவி பற்றிய விவரத்துக்குத் தனிச் சட்டமே இருக்கிறது, 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. அந்தப் பதிவுகளை வைத்திருக்கும் நிறுவனம் அவற்றைப் பாதுகாக்க ஏற்பாடு செய்தே ஆக வேண்டும். 'குறிப்பு' பத்தியில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்தான் உங்கள் எக்செல் ஃபைலுக்கு நேரடியாகப் பொருந்துவது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலுக்கு வருகின்றன. ஆகவே இப்போதே சீர்செய்ய ஆரம்பித்தால் நேரம் இருக்கிறது. எந்த நோக்கத்துக்காக வாங்குகிறோமோ அதற்குத் தேவையானதை மட்டும்தான் சம்மதம் என்ற பெயரில் வாங்க முடியும். டெலிமெடிசின் செயலி ஒன்று போனில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்டால், பயன்படுத்துபவர் சரி என்று தட்டியிருந்தாலும் தொடர்பு எண்களுக்கு அந்தச் சம்மதம் செல்லாது என்று சட்டத்திலேயே உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். தேர்வு ஏற்பாட்டுக்காக வாங்கிய சான்றிதழ் பி.டி. சார் கைக்குப் போவதையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். நோக்கம் முடிந்துவிட்டால் அழிக்க வேண்டும், வேறு சட்டப்படி வைத்திருக்க வேண்டியது இருந்தால் ஒழிய. இந்தச் சட்டம் டிஜிட்டல் வடிவில் உள்ளதைத்தான் தொடுகிறது, பீரோவில் இருக்கும் காகிதத்தை ஸ்கேன் செய்யும் வரை தொடாது. அதற்காகக் காகிதத்தைத் திறந்து போட்டு வைக்கலாம் என்று அர்த்தமில்லை.

பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு வருகிறேன். உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரம் என்றால் சம்மதம் இல்லாமலேயே விவரத்தைப் பயன்படுத்தலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆம்புலன்ஸ்காரரிடமோ டாக்டரிடமோ நீங்கள் சொல்வதை யாரும் தடுக்கவில்லை. அவசரம் வரலாம் என்பதற்காக முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லி வைப்பதற்கு அது அனுமதி ஆகாது.

பெற்றோர் விஷயத்தில் இரண்டு வகை உண்டு. முதலாமாண்டில் சேரும் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு 17 வயதுதான், அவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். 18 முடிந்த பிறகு மாணவருக்குத் தெரியாமல் வீட்டுக்குப் போன் போட்டு மருத்துவ விஷயம் பேசுவதற்குக் கல்லூரிக்குத் தானாக எந்த உரிமையும் கிடையாது, கயலுக்கு நடந்தது அதனால்தான் தப்பு.

வணிகவியல்_டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. கயல், உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். வலிப்பு முதலுதவியை அடுத்த ஆசிரியர் கூட்டத்திலேயே வைக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன், அதற்கு யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

எனக்குச் சிக்கலாக இருப்பது வருகைப்பதிவு. மன அழுத்தத்துக்கு மருந்து எடுக்கும் ஒரு பையன், நல்லாப் படிக்கிறவன், வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. மருத்துவச் சான்றிதழ் கொண்டு வந்தால் விலக்குக் கேட்கலாம் என்றேன். மனநல மருத்துவர் என்று சீலிலேயே இருக்கிறது மேடம், அது ஆபீஸ் கிளார்க், துறைத்தலைவர், முதல்வர் என்று ஒவ்வொரு மேஜையாகப் போகும், வேண்டாம் என்கிறான். இதற்கு என்ன வழி?

ஸ்கார்பரோ_வாசி:

அக்கா, நான் கனடாவில் ஒரு கொலிஜில் மாணவர் சேவைப் பிரிவில் வேலை செய்கிறேன். இங்கே இந்தப் பிரச்சினைக்கு எப்படி வழி வந்தது என்று சொல்கிறேன், அங்கே அப்படியே பொருந்துமா தெரியாது.

முன்பு ஒன்டாரியோவிலும் மனநலக் காரணம் சொல்லி உதவி கேட்கும் பிள்ளை, தனக்கு என்ன வருத்தம் என்று பெயர் சொல்லி டொக்டரின் கடிதம் கொடுக்க வேண்டும். யோர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்த ஒரு பெண் இதை எதிர்த்து மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2016-இல் உடன்பாடு ஏற்பட்டு, நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்று அங்கே படிவங்களை மாற்றினார்கள். மாகாணத்தின் மற்ற இடங்களிலும் அந்த வழக்கம் பரவியது. இப்போது டொக்டர் எழுதுவது, இந்தப் பிள்ளையால் நீண்ட நேரம் கவனமாக இருக்க ஏலாது, காலையில் மருந்தின் மயக்கம் இருக்கும், இது இத்தனை மாதத்துக்கு இருக்கலாம், இவ்வளவும்தான். அதை எங்கள் பிரிவு மட்டும் பார்க்கும். விரிவுரையாளருக்குப் போகும் கடிதத்தில் 'இவருக்கு ஒப்படைக்கு ஒரு கிழமை கூடுதல் அவகாசம்' என்று இருக்கும், காரணம் இருக்காது. விரிவுரையாளர் காரணம் கேட்டால் எங்களிடம்தான் வர வேண்டும், நாங்கள் சொல்ல மாட்டோம். தொடக்கத்தில் சில பேராசிரியர்களுக்குக் கோபம்தான், பிறகு பழகிவிட்டார்கள்.

தேர்வுப்பிரிவு_பழனி:

ஸ்கார்பரோ நண்பர் சொன்னது நல்ல வழி, ஆனால் ஸ்கிரைப்புக்கு இங்கே அப்படிச் செய்ய முடியாது. அரசு கொடுத்த படிவத்திலேயே ஊனத்தின் தன்மையை எழுதச் சொல்லியிருக்கிறது, அது இல்லாமல் கையெழுத்துப் போட்டால் தணிக்கையில் மாட்டுவது கீழே இருக்கும் அலுவலர்தான். வருகைப்பதிவு விலக்கு அப்படி இல்லை, பல இடங்களில் அது கல்லூரியும் பல்கலைக்கழகமும் வகுத்த நடைமுறைதான், மாற்றலாம். அசல் சான்றிதழ் சீலிட்ட கவரில் உங்களிடம் வரட்டும். நீங்கள் பார்த்துவிட்டு, 'மருத்துவச் சான்றிதழ் சரிபார்க்கப்பட்டது, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, விலக்குக்குப் பரிந்துரைக்கிறேன்' என்று ஒரு மெமோ போடுங்கள். மேஜை மேஜையாக மெமோதான் போக வேண்டும். முதல்வர் அசலைப் பார்க்க வேண்டும் என்றால் உங்கள் அறைக்கு வந்து பார்க்கட்டும்.

இதே மெமோ முறை சர்க்கரை நோய்க்கும் உதவும். டைப் 1 சர்க்கரை நோய் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் வராது, ஆகவே அந்தப் பிள்ளைகள் உங்கள் பட்டியலில் இருக்கவே மாட்டார்கள், ஆனால் தேர்வு நடுவில் சர்க்கரை இறங்கினால் மயங்கி விழுவார்கள். 'இந்தப் பதிவெண்ணுக்கு தண்ணீர், மிட்டாய், குளுக்கோமீட்டர் அனுமதி' என்று ஹால் சூப்பிரண்டுக்கு ஒரு வரி போதும். சிபிஎஸ்இ 2017-லேயே பள்ளித் தேர்வுகளில் மிட்டாய், தண்ணீர் கொண்டுபோக அனுமதித்துவிட்டது.

மதுரை_வழக்கறிஞர்:

அந்தப் பையன் விஷயத்தில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். 2025 ஜூலையில் சுக்தேப் சாஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலத்துக்காகக் கல்வி நிறுவனங்களுக்கு வழிகாட்டுதல்கள் கொடுத்தது. 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் இடத்தில் தகுதியான ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், எத்தனை பேருக்கு உதவி செய்யப்பட்டது என்ற பதிவுகளைப் பெயர் தெரியாத வடிவில் வைத்து ஆண்டறிக்கை தயாரிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. முதல்வரிடம் இதைக் காட்டுங்கள். ஆலோசகர் எழுதி வைக்கும் குறிப்புகள் மாணவரின் கல்லூரிக் கோப்பில் சேரவே கூடாது, தனியாக, அவர் பூட்டில் இருக்க வேண்டும். பையனிடம் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416-ஐயும் கொடுத்து வையுங்கள், கல்லூரிக்குச் சம்பந்தமே இல்லாமல் பேசலாம்.

கயல்_எம்எஸ்சி:

புதிதாகப் படிவம் தயாரிப்பீர்கள் என்றால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன் மேடம். சேர்க்கை விண்ணப்பத்தில் இந்தக் கேள்வியை வைக்காதீர்கள். இட ஒதுக்கீட்டில் வருபவர் சான்றிதழ் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அது வேறு. மற்றவர்கள் அந்த நேரத்தில் சொன்னால் சீட் போய்விடுமோ என்று பயப்படுவார்கள். சேர்ந்து வகுப்பு ஆரம்பித்த பிறகு தனியாகக் கேளுங்கள், அதையும் ஒவ்வொரு செமஸ்டரும் திறந்து வையுங்கள். எனக்கே முதல் வருடம் ஒன்றும் தேவைப்படவில்லை, மாத்திரை மாற்றியபோதுதான் தேவைப்பட்டது.

வணிகவியல்_டீச்சர்:

சரி, இதுவரை வந்ததை வைத்து ஒரு படிவம் எழுதியிருக்கிறேன். 'வகுப்பிலும் தேர்விலும் ஹாஸ்டலிலும் உங்களுக்கு என்ன ஏற்பாடு இருந்தால் உதவியாக இருக்கும்' என்பது முதல் கேள்வி. நோயின் பெயரைக் கேட்கவில்லை, ஏதாவது அரசுப் படிவத்துக்குத் தேவைப்பட்டால் அப்போது மட்டும் சான்றிதழை என்னிடம் நேரில் காட்டலாம் என்று எழுதியிருக்கிறேன். இந்த ஏற்பாட்டை யாரிடம் சொல்லலாம் என்று தேர்வுப் பிரிவு, வகுப்பாசிரியர், வார்டன், பெற்றோர் என்று தனித்தனிக் கட்டம், வேண்டியதை மட்டும் டிக் செய்யலாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம். யார் யார் பார்ப்பார்கள் என்பதைக் கயல் கேட்டபடி மேலேயே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

அந்தப் பழைய ஃபைலை என்ன செய்வது? ஏற்கெனவே பல போன்களில் இருக்கிறதே.

தேர்வுப்பிரிவு_பழனி:

போனதை முழுசாகத் திரும்ப எடுக்க முடியாது மேடம், அதற்காக விட்டுவிடவும் வேண்டாம். முதல்வர் கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கை போடச் சொல்லுங்கள், ஃபைலை வைத்திருப்பவர்கள் போன், மெயில், டிரைவ் எல்லாவற்றிலும் அழித்துவிட்டு அழித்தேன் என்று எழுதித் தர வேண்டும். எழுதித் தரச் சொன்னால்தான் பாதிப் பேராவது தேடிப் பார்ப்பார்கள். குழு அட்மினிடம் சொல்லி அந்தப் பதிவுகளை 'எல்லோருக்கும் அழி' கொடுக்கச் சொல்லுங்கள், கொஞ்ச நாளைக்கு முந்தையது போகும், பழையது போகாது. உங்களிடம் இருக்கும் பிரதியில் 'குறிப்பு' பத்தியை முதலில் எடுங்கள், மீதியை உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் கேட்பதோடு ஒத்துப் பார்த்துவிட்டு, தேவையில்லாததை நீக்கி, பாஸ்வேர்டு போட்டு ஒரே கம்ப்யூட்டரில் வையுங்கள். நீங்கள் லீவில் இருந்தால் திறக்க இன்னொருவர் பெயரை எழுத்தில் நியமித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தேர்வு நேரத்தில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் பாஸ்வேர்டு மறுபடியும் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடும்.

அந்த இரண்டாமாண்டு மாணவியிடம் நவம்பர் தேர்வுக்கு முன்னால் மறுபடி பேசிப் பாருங்கள். கூடுதல் நேரம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த கடிதத்தை அவளே திரும்ப வாங்கிக்கொள்ளலாம், ஹால் டிக்கெட் கொடுக்கும் வரைக்கும் தேர்வுப் பிரிவு அதை ஏற்கும்படி முதல்வரிடம் சொல்லி வையுங்கள்.